பன்னிரண்டு ஆடும் ஒரு தொட்டியும்

என் அக்கா புருஷன் முப்பது வருடம் மரவள்ளிக் கிழங்கு மாவு ஆலையில் எடைமேடை கிளார்க். லாரிகளை எடை போட்டே பழகியவர். தராசுக்கு அடங்காத விஷயம் உலகத்தில் ஏதாவது உண்டு என்று மாமா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்ற மறுநாளே அக்காவின் ஆட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார். அதுவரை அந்தப் பன்னிரண்டு செம்மறிகளும் அக்கா போட்ட வைக்கோலையும் தழையையும் தின்று, யாருடைய ஆலோசனையும் இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

ஆலையில் மாவெடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். காயவைத்தால் ஆட்டுக்கு நல்ல தீனிதான் என்று மாமா ஒரு மூட்டை கொண்டுவந்து போட்டார். முதல் இரண்டு வாரம் அக்காவே கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்துப் பழக்கினாள், ஒரு குறையுமில்லை. பதினைந்தாம் நாள் மாமா தராசோடும் தீனி அளவு அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தோடும் வந்தார்.

“தலைக்குக் கால் கிலோ, பன்னெண்டு தலைக்கு மூணு கிலோ. அவ்வளவுதான் மாப்ளே,” என்றார் என்னிடம். நான் அந்த வீட்டில் சாப்பாட்டு வேளைக்குத் தவறாமல் ஆஜராகிறவன்.

“தனித்தனி பேசன்ல வைங்க,” என்றாள் அக்கா. “இல்லாட்டி பெரியவ ஒருத்தியே முடிச்சிடுவா.”

பெரியவள் என்பது மந்தைக்கு முன்னால் நடக்கிற ஆடு. தாய் செத்த குட்டியாக இருந்த அதை அக்கா புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தாள். இப்போது சினையாக வேறு இருந்தது.

“ஒரு கிராம் கூடல,” என்று சொல்லிவிட்டு மாமா மூன்று கிலோவையும் ஒரே தொட்டியில் கொட்டினார். அதில் நான்கு தலைதான் நுழையும். மீதி எட்டும் வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. லாரிகள் அப்படித்தானே நிற்கும்.

மறுநாள் காலை பெரியவள் எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தாள். கால்நடை மருத்துவர் இடது விலாவைத் தட்டிப் பார்த்தார். “மாவுச்சத்து ஒரேயடியா உள்ள போய் வயித்துல புளிச்சிடுச்சு,” என்று சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார். பிழைக்குமா என்று அக்கா கேட்டதற்கு, “ரெண்டு நாள் போகட்டும்,” என்று பையை மூடினார்.

இரண்டு நாள் அக்கா கொட்டகையிலேயே கிடந்தாள். ஆடு செத்தால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் பெரியவள் தள்ளாடி எழுந்து ஒரு வாய் வைக்கோலைக் கடித்தாள். வயிற்றுக் குட்டி தங்கவில்லை.

அத்தனைக்கும் பிறகு நம்மவர் வாய் திறந்தார். “இருந்தாலும் அளவு சரியாத்தான் இருந்துச்சு.”

மதியம் அக்கா ஒரே தட்டில் சாப்பாட்டைக் குவித்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். “ரெண்டு பேருக்கும் அளந்துதான் வச்சிருக்கேன்.”

நான் சாப்பிடும் வேகம் ஊருக்கே தெரியும். மாமா நான்காவது வாய்க்குக் கையை நீட்டியபோது தட்டு காலி.

அவர் வெறும் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்ப் பன்னிரண்டு பேசன் வாங்கி வந்தார். சாயங்காலம் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்துத் திப்பியைப் பிரித்துப் போட்டார். பெரியவளின் பேசனில் மட்டும் வைக்கோலைப் போட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“என்மேல கோவமா?” என்று கேட்டார்.

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அக்கா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தாள்.