திருத்தியவர்: தஸ்லீம் பானு

"சொல்றது என் கடமை. காதைப் பொத்திக்கிட்டவன் கையை எடுத்து விடுறதும் என் கடமையா?"

என் லாத்தா தஸ்லீம் பானு என்னிடம் கேட்டது இது. எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்றும் அம்மாவை உம்மா என்றும்தான் கூப்பிடுவோம். நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் சாங்வியில் எங்கள் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது.

லாத்தா சம்பளமில்லாமல் ஒரு வேலை பார்க்கிறாள். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள். அதோடு ஆயிரக்கணக்கான நிரல்களைச் சேர்த்துக் கட்டி, சில வருடங்களுக்கு ஒரு முறை வெளியிடும் குழுக்கள் உண்டு. அப்படி ஒரு குழுவில் லாத்தாவின் பொறுப்பு ஒரே ஒரு லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு. பார்கோடு வரைகிற வேலையை ஒவ்வொரு நிரலும் தனித்தனியாக எழுதிக்கொள்ளாமல் அந்த லைப்ரரியிடம் விட்டுவிடும். லைப்ரரியின் புதிய பதிப்பு பழையதோடு ஒத்துப்போகாவிட்டால், அதை நம்பியிருக்கிற நிரல்கள் எல்லாவற்றையும் திருத்தி மறுபடி கட்ட வேண்டும். ஒரு தெருவையே குடிமாற்றுவது மாதிரியான வேலை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. லைப்ரரியைப் பார்த்துக்கொள்பவர்தான் ஒவ்வொரு நிரலின் பொறுப்பாளருக்கும் பொதுப் பக்கத்தில் ஒரு புகார் திறந்து தகவல் சொல்ல வேண்டும். அவகாசம் தர வேண்டும். அந்தப் புகாரும், பிறகு வரும் எச்சரிக்கைகளும் புகார் திறந்தவரின் மெயில் முகவரியிலிருந்தே பொறுப்பாளருக்குப் போகும். கெடுவுக்குள் திருத்தாத நிரலுக்கு அடுத்த வெளியீட்டில் இடமில்லை.

இந்த முறை திருத்த வேண்டிய நிரல்களில் ஒன்று ஹரீஷுடையது. தொழிற்சாலைப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களை அச்சடிக்கிற நிரல்.

ஹரீஷ் யார் என்று சொல்ல வேண்டும். முன்பு ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் அவர்தான் லாத்தாவின் டீம் லீட். அந்த லேபிள் நிரலில் பாதிக்கு மேல் லாத்தா எழுதியது. அதை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட அன்று, எழுதியவர் என்ற இடத்தில் ஹரீஷ் பெயர் மட்டும் இருந்தது. முதலில் அங்கே இருந்த லாத்தாவின் பெயரை அவரே எடுத்துவிட்டிருந்தார். லாத்தா தன் சொந்த முகவரியிலிருந்து அவருடைய சொந்த முகவரிக்கு மரியாதையாக மெயில் எழுதிக் கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். ஒருநாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: "தஸ்லீம் மெயிலுக்கு ஒரு ஃபில்டர் போட்டுட்டேன், கேளுங்கப்பா. இனிமே எல்லாம் நேரா குப்பைக்குத்தான்."

எல்லோரும் சிரித்தார்களாம். லாத்தா அந்த வேலையை விட்டாள். ஹரீஷும் பிறகு வெளியே வந்து, அதே நிரலை வைத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார்.

இப்போது குடிமாற்றம் வந்தது. மற்ற பொறுப்பாளர்களிடம் லாத்தா எவ்வளவு பொறுமையாக இருந்தாள் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதில் வராதவர்களை வேறு வழியில் தேடிப் பிடித்தாள். கை உடைந்து கிடந்த ஒருவருடைய நிரலைத் தானே கட்டிக் கொடுத்தாள். ஹரீஷுக்கு மட்டும் விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்தாள். அவர் பெயரில் புகார் திறந்தாள், இடைவெளி விட்டு நினைவூட்டினாள். எல்லாம் தன் அதே பழைய முகவரியிலிருந்து.

குழுவிலிருந்த மனோஜ், வேண்டுமானால் ஹரீஷுக்குத் தான் ஒரு வார்த்தை எழுதுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதற்குத்தான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி வந்தது. நான் முழித்ததைப் பார்த்து, "போய் டீ போடுட்டி" என்றாள். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை. பசித்தவள் சோறு வேகும் வரை காத்திருக்கிற மாதிரி இருந்தாள்.

கெடு முடிந்தது. ஹரீஷின் நிரலை நீக்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு மதியம் அவரே வீட்டுக்கு வந்தார். உம்மா நாற்காலி போட்டாள். புதிய வெளியீட்டுக்கு மாறப்போகும் தொழிற்சாலைகள் தன் நிரலைக் காணோம் என்றால் வேறு ஆளிடம் போய்விடும் என்றார். குரல் இறங்கியிருந்தது.

"அரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தஸ்லீம்."

"சொன்னேன்."

"எனக்கு ஒண்ணுமே வரலை."

"வந்திருக்கும். குப்பையில பாருங்க."

அவர் போனை எடுக்கக்கூட இல்லை. லாத்தா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். யாரும் பார்க்கக்கூடிய பக்கம் அது. அவள் எழுதியவை வரிசையாக இருந்தன. முதல் தகவலோடு அவருடைய நிரலுக்கான திருத்தமும் இருந்தது. லாத்தா அதை எழுதிச் சோதித்து, தன் பெயரோடு, முதல் நாளே இணைத்திருந்தாள். திறந்து பார்த்திருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்திருக்கும்.

இனி அவருக்கு ஒரே வழிதான். வெளியீட்டுக் குழுவிடம் விலக்குக் கேட்க வேண்டும். கெடு தாண்டிய பிறகு, சோதித்து முடித்த திருத்தத்தை மட்டும்தான் அவர்கள் ஏற்பார்கள். இருந்தது லாத்தாவுடையது ஒன்றுதான். அடுத்தவர் திருத்தத்தை எடுத்தால், மாற்றக் குறிப்பில் திருத்தியவர் பெயரைப் போடுவது அந்த உலகத்தின் வழக்கம். அந்தக் குறிப்பு நிரலோடு ஊர் ஊராகப் போகும்.

"பர்சனலா எடுத்துக்காதே" என்றார் ஹரீஷ்.

"பெயர் பர்சனல்தானே" என்றாள் லாத்தா.

இரண்டு நாள் கழித்து அவர் அனுப்பிய குறிப்பில் 'ஒரு நண்பரின் உதவியுடன்' என்று இருந்தது. வெளியீட்டுக் குழு, லைப்ரரியின் பொறுப்பாளர் என்ற முறையில் லாத்தாவின் சம்மதத்தைக் கேட்டது. அவள் ஒரே வரி எழுதினாள்: திருத்தியவர் பெயர் விடுபட்டிருக்கிறது. குழு அதைத் திருப்பி அனுப்பியது. அன்று மாலையே புதிய குறிப்பு வந்தது. 'திருத்தியவர்: தஸ்லீம் பானு.' கீழே, அனுப்பியவர் ஹரீஷ்.

லாத்தா அதை நிதானமாக இரண்டு முறை படித்தாள். சம்மதம் என்று பதில் போட்டாள். நிரல் உள்ளே வந்தது. பின்னாலேயே ஹரீஷிடமிருந்து ஒரு மெயில் வந்தது. நன்றியோ, மன்னிப்போ, எனக்குத் தெரியாது. அவள் திறக்கவில்லை. அவருடைய முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டுவிட்டு, உம்மாவுக்குக் காய் நறுக்கப் போனாள்.

அவள் செய்தது சரியா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் நல்ல பதில் தெரியாது. அவள் பக்கம்தான் நிற்பேன், அது மட்டும் தெரியும். உங்களுக்குத் தெரிந்த யாருடைய பெயராவது இப்படி அழிக்கப்பட்டிருந்தால், அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். சொல்லும்போது, யாரோ ஒரு பெண் என்று சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்.