கப்பலுக்குக் கையாட்ட ஒரு நாள்

சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் முன்பதிவு ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. எனக்கு முன்னால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கொச்சியில் சொகுசுக் கப்பல் ஏறப்போகிறார்கள். முந்தின நாளே போய் ஊர் சுற்றுவது முடிவாகிவிட்டது. கப்பலைவிட்டு இறங்கியதும் திரும்புவதா, ஒரு நாள் தங்குவதா என்பதில்தான் சண்டை.

கொச்சித் துறைமுகத்தில் மூட்டை இறக்கி, அங்கேயே படுத்துக் கிடந்தவன் நான். அதைச் சொன்னதும் கணவர் என்னைப் பிடித்துக்கொள்கிறார்.

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. முதல்லயே எல்லாம் சுத்திட்டா, பெறவு அங்கன பாக்க என்ன இருக்கு?"

"அரண்மனை, சீன மீன்வலை எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்கிறேன்.

"கேட்டியாட்டி?"

மனைவி அசையவில்லை. "உங்க தங்கச்சி ஊருக்குப் போகையில, பஸ் கண்ணு மறையுத வரைக்கும் நிக்கோம்லா? கப்பலு நம்ம நாலு பேரையும் கடல் மேல சுமந்துட்டு வரும். மறுநாள் அது பொறப்படும்போது கையாட்ட ஆளு வேண்டாமா?"

மலை மலையாகக் கப்பல்கள் புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கையாட்டத் தோன்றியதே இல்லை.

ஜன்னல் திறக்கிறது.

"திரும்புறதுக்கு மறுநாள் ராத்திரி வண்டில போடுங்க சார்" என்கிறார் கணவர், மனைவியைப் பார்க்காமலே. "கப்பல் சாயங்காலம்தான் கெளம்புமாம்."