முப்பது கட்டுக் கம்பளி

பேத்தி அரசாங்க ஸ்டோர் கீப்பர் வேலைக்குப் பரீட்சை எழுதப் போகிறாள். போன வாரம் குளிர் தாங்காமல் தகரப் பெட்டியைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசம் எங்கள் நாயுடுபுரம் வீடு முழுக்கப் பரவியது. எனக்கு அது கம்பளி வாசம். "நானும் அந்த வேலைக்கு நின்னவதான்" என்றேன். சிரித்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

மலைமேல் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் தினக்கூலியாக இருந்தேன். கம்பளிகளைப் பத்துப் பத்தாக மடித்துச் சணல் கயிற்றால் கட்டுவது என் சோலி. சரக்குப் பார்க்க வருகிறவர்கள் என் முடிச்சுகளை எண்ணிப் பத்தால் பெருக்கிவிட்டுப் போவார்கள். ஒருவரும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நிரந்தர உதவியாளர் இடம் ஒன்று வந்தது. அதற்கு நானும், என்னோடு ஸ்டோரில் தினக்கூலியாக இருந்த ஸ்டெல்லாவும் நின்றோம். அவள் எட்டாவது பாஸ். எனக்கு மறந்தே போயிருந்த எழுத்தைத் திரும்பக் கூட்டச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். நான் இத்தனை வருடம் உழைத்தவள், பதிவேட்டை வாசித்துக் கையெழுத்துப் போட்டால் போதும், வேலை எனக்குத்தான் என்றார்கள். அதை நம்பி மகளைக் கான்வென்டில் சேர்த்துவிட்டேன்.

திண்டுக்கல்லிலிருந்து அதிகாரி வந்தார். முடிச்சுகளை எண்ணினார். முப்பது கட்டு, முந்நூறு கம்பளி. பதிவேட்டிலும் அதுவே. கடைசி வரியை வாசித்துவிட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

விரல் வைத்து வாசித்தேன். "நானே எண்ணினேன். சரியாக இருக்கிறது."

பேனா நகரவில்லை.

"வெரசா போடும்மா. மஞ்சு எறங்குறதுக்குள்ள நான் மலையெறங்கணும்."

"என்னக்கா, பேரு மறந்துபோச்சா?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரு கட்டுல எட்டுதாங்கய்யா கெடக்கு. ரெண்ட நான் எடுத்துக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஐப்பசி மழையில நம்ம ஆஸ்பத்திரி வாசல்லயே ரெண்டு பேரு செத்தாங்க. ஊரு பேரு தெரியல, தேடி ஆளும் வரல. அந்தக் குளிர்ல வெறும் உடம்பா குழிக்குள்ள எறக்க மனசு வரலைங்க. எழுதி வைக்க அப்ப எனக்குத் தெரியாது."

அதிகாரி பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "இப்பத் தெரியும்ல? எழுதும்மா."

'கம்பளி இரண்டு மண்ணுக்குள் போனது.' நாலு சொல்லுக்கு அரைமணி நேரம் ஆனது. மஞ்சு இறங்கியே விட்டது; பனிமூட்டத்தில் வாசல்கூடத் தெரியவில்லை. அவர் காத்திருந்தார்.

வேலை ஸ்டெல்லாவுக்குக் கிடைத்தது. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லக்கா" என்று அழுதவளும் அவளே. மகள் கான்வென்டிலிருந்து நின்றாள். நான் கடைசிவரை தினக்கூலி. ஆனால் ஆண்டுதோறும் சரக்கு எண்ணும் நாளில் ஸ்டெல்லா அந்தப் பக்கத்தைப் புரட்டி, அந்த வரியை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள்.

இன்று அந்த ஸ்டோர் இல்லை. ஸ்டெல்லாவும் இல்லை. பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை கைவிட்டுப் போன அன்றுகூட நான் சாப்பிட்டுத்தான் படுத்தேன். அந்த இரண்டு பேரும் பிறந்ததற்கோ செத்ததற்கோ வேறெங்கும் எழுத்து இருந்ததாகத் தெரியவில்லை. என் கோணல் கையெழுத்தில் இருந்த நாலு சொல்தான்.