மலைமேல் தங்கிய காசு

கரியாலூர் அருவிக்குப் போகும் வழியில் அக்காவும் மாமாவும் பஜ்ஜிக் கடை வைத்திருந்தார்கள். அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் ஸ்கேன் செய்து பார்த்து, அலுத்துப்போய், வண்டிக்குள் கிடக்கும் பத்து ரூபாய்க் காசுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். அக்காவுக்கு யாரிடமும் முகம் சுளிக்கத் தெரியாது. வாங்கிப் போட்டுக்கொள்வாள்.

மலையை விட்டு இறங்கினால் அந்தக் காசு போகாது. கள்ளக்குறிச்சியில் ஆகட்டும், எங்கள் ஊரான வடக்கனந்தலில் ஆகட்டும், பத்து ரூபாய்க் காசை நீட்டினால் நம்மை ஏமாற்றுக்காரரைப் போலப் பார்ப்பார்கள். எவரோ எப்போதோ கிளப்பிவிட்ட புரளி. செல்லும் என்று அரசாங்கமே சொல்லியும் எடுபடவில்லை.

நான் பிளஸ் டூவுக்குப் பொருளியல் நடத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அக்கா கடலை மாவும் எண்ணெயும் வாங்கும் கள்ளக்குறிச்சி மளிகைக் கடையில் ஒருநாள் சண்டையே போட்டேன்.

"இது கவர்மென்ட் அடிச்ச காசுண்ணே. வாங்க மாட்டேன்னு எப்படிச் சொல்வீங்க?"

"எனக்கு இன்னா டீச்சர் வந்துது? நான் வாங்கிக்கினா ஏஜென்சிக்காரன் என்கிட்ட வாங்கணுமே. அவன் திருப்பிக் குடுத்துட்டா நான் எங்க போவேன்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதனாலேயே எனக்கு எரிச்சல் கூடியது. அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "வுடு பாப்பா. இன்னாத்துக்கு அவுருகிட்ட மல்லுக்கட்டிக்கினு நிக்கிற?"

ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வங்கிக்கும் போனேன். கொஞ்சம் வாங்கிக்கொண்டு, மீதியை எண்ண ஆளில்லை, அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வீட்டுக் கடன் கொடுத்ததும் அதே வங்கிதான். கடன் தந்த அன்று பெட்டகத்திலிருந்து ஒரு கட்டு நோட்டுகூட வெளியே வரவில்லை. என் கணக்கில் ஓர் எண் ஏறியது, அவ்வளவுதான். அந்த எண் சிமென்ட்டானது, கம்பியானது, கொத்தனார் கூலியானது. கடன் கொடுக்கும்போதே வங்கி புதுப் பணத்தை உண்டாக்குகிறது என்று வருடா வருடம் வகுப்பில் சொல்கிறேன். அது அளவு மீறினால் விலைவாசி ஏறும், அதனால்தான் மத்திய வங்கி வட்டியை ஏற்றியும் இறக்கியும் பிடித்து வைக்கிறது என்றும் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, நாளைக்கும் இதை இன்னொருவர் வாங்கிக்கொள்வார் என்கிற நம்பிக்கைதான். வெறும் எண்ணுக்கு அது கிடைத்தது. சிங்கம் பொறித்த அக்காவின் காசுக்குக் கிடைக்கவில்லை.

நோட்டாக வருவதெல்லாம் கடைச் சாமானுக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடும். காசுகளை அக்கா ஒரு காலி பெயின்ட் வாளியில் போட்டு வைத்தாள். அவளுக்கென்று மிஞ்சியது அந்த வாளி மட்டும்தான்.

மார்பில் கட்டி இருப்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாளியிலிருந்து அள்ளி மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு, தனியாகக் கீழே இறங்கி, ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருக்கிறாள். "நோட்டா குடும்மா, இல்லன்னா போன்ல போடு" என்றிருக்கிறார்கள். இரண்டும் அவளிடம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலை ஏறிவிட்டாள்.

கை வீங்கிய பிறகு மாமாதான் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு இறங்கிவந்து எனக்குப் போன் செய்தார். அதற்குள் பல மாதங்கள் போயிருந்தன. அலறியடித்துக்கொண்டு ஓடினேன்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அங்கயும் வந்து சண்ட போடுவ. சீசன்ல நோட்டு ஜாஸ்தி வரும், அப்ப பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"உன் வூட்டுக் கடனே கழுத்த நெரிக்குது. அதுல நான் வேறயா?"

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அவள்மேல், அந்த ஊர்மேல், என் பாடப் புத்தகத்தின்மேல். புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே எல்லாவற்றுக்கும் என் போனிலிருந்தே கட்டினேன். ஒருவரும் மறுக்கவில்லை. முன்னாடியே வந்திருக்கலாமே என்று மட்டும் டாக்டர் கேட்டார்.

அக்காவை வடக்கனந்தலுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. அரிசியோடு காசும் போட வேண்டும். இப்போதெல்லாம் யார் பையில் சில்லறை இருக்கிறது? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா உள்ளே போய், கடையிலிருந்து வந்த சாமான்களுக்கு நடுவே இருந்த பெயின்ட் வாளியைத் தூக்கிவந்து வைத்தார்.

ஆளுக்கொரு காசு எடுத்தார்கள். மளிகைக் கடைக்காரரும் மாலையோடு வந்திருந்தார். வரிசையில் நின்று, குனிந்து, வாளிக்குள் கைவிட்டு ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்தார். அரிசியோடு அதை அக்காவுக்குப் போட்டுவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இப்போது மட்டும் இந்தக் காசு போகிறதா அண்ணே என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுக்க மாட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கேட்கவில்லை. வாளியிலிருந்து என் பங்குக்கு ஒரு காசை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.