படகுக்காரன் என்ன சொன்னான்?

“15.12.1991, ஞாயிறு. மாலை 7.30 முதல் 8 வரை. சிற்றலை. கொழும்பு, சிங்கள நாடகம். ஒலி வலிமை நான்கு. இரைச்சல் குறைவு. ஆண் குரல், மிக நன்று. நாடா எண் 31.”

என் வானொலிக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. மற்ற பதிவுகளில் எல்லாம் நேரமும் ஒலி அளவும் மட்டுமே இருக்கும். “மிக நன்று” என்று அபிப்பிராயம் எழுதிய இடம் இது ஒன்றுதான்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். தூரத்து நிலையங்களைக் கேட்டு அறிக்கை அனுப்புவதும், “நீங்கள் கேட்டது எங்களைத்தான்” என்று அவர்கள் உறுதி செய்து அனுப்பும் அட்டைகளைச் சேர்ப்பதும் என் பொழுதுபோக்கு. அந்த வாரம் காவிரிக் கலவரம்; தெருவில் தமிழ் பேசினாலே அடி விழும். வேலைக்குப் போக வழியில்லை. லிங்கராஜபுரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கிடைத்தது. சிங்களத்தில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

யார் இவர்? அடுத்த சில வருடங்களில் அது எனக்கு ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு புத்த விகாரையில் சமையல் பார்த்துவந்த பெரியவர் ஒருவர்தான் முதல் தடயம் தந்தார். தமிழர். கொழும்பில் இருபது வருடம் ரொட்டிக் கடையில் வேலை செய்து திரும்பியவர். நாடாவின் முதல் நிமிடத்தைப் போட்டுக் காட்டியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னா சார், இவர் குரல் தெரியாதவன் எவன் இருக்கான்? கதை எழுதுவாரு, மேடை நாடகம் போடுவாரு, ரேடியோல வாரம் ஒரு நாடகம். செய்தி கூட வாசிச்சாரு.”

“எந்த வருஷம் ரேடியோவில் சேர்ந்தார்?”

“என் பெரிய பொண்ணு பொறந்த வருஷம்.”

“பெண் எந்த வருஷம் பிறந்தாள்?”

“அதை வூட்ல கேக்கணும் சார்.”

நான் வீட்டுக்கே போய்ப் பிறப்புச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 1962. என் நோட்டில் எழுதிக்கொண்டேன். இப்படித்தான் அந்த மனிதரின் வாழ்க்கை என்னிடம் பக்கம் பக்கமாகச் சேர்ந்தது: தென்கரைக் கிராமத்துப் பள்ளி ஆசிரியர், முதல் சிறுகதை, பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு மேடை நாடகம், பிறகு ஒலிபரப்பு. எந்தத் தகவலுக்கும் இரண்டாவது சாட்சி கிடையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

2001 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு, தொழிற்சாலை ஆபீசுக்கு விகாரைச் சமையல்காரரிடமிருந்து போன் வந்தது.

“சார், உடனே வா. அவரு இங்க இருக்காரு.”

“யார்?”

“உன் ஆளு சார்! கண் ஆபரேஷனுக்கு வந்து நம்ம விருந்தினர் ரூம்ல தங்கியிருக்காரு. இப்போ என் கையால பருப்பு சாப்பிட்டாரு!”

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி காரணம் கேட்டார். “பத்து வருஷமாத் தேடின ஆள் சார்” என்றேன். யாரோ கடன்காரன் என்று நினைத்திருப்பார் போல. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு ஓடி, நாடா 31-ஐயும் டேப்ரெக்கார்டரையும் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் விகாரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது.

மெலிந்த மனிதர். கறுப்புக் கண்ணாடி. அவர் வாயைத் திறந்ததுமே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே குரல், இரைச்சல் இல்லாமல்! முதல் வேலையாக 1962-ஐக் கேட்டேன். சமையல்காரர் மொழிபெயர்த்தார். நாடக ஆசிரியர் இல்லை என்று தலையாட்டினார். “அறுபத்து நான்கு. அறுபத்திரண்டில் நான் ஊரில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.” முதல் கேள்விக்குறி அழிந்தது.

பிறகு நாடாவைப் பற்றிச் சொன்னேன். தேதியையும் மாலை நேரத்தையும் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். அவருடைய வானொலி நாடகங்கள் தொகுப்பாக வர இருந்தன, அச்சகம் காத்திருந்தது. நேயர்கள் இன்றும் விசாரிக்கும் நாடகம் இந்த ஒன்று. இதற்கு முடிவு இல்லை. எழுதிவைத்த முடிவு பிடிக்காமல், ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் நின்றபடியே அதை மாற்றிவிட்டார். எப்படி மாற்றினார் என்பது மறந்துவிட்டது. நிலையத்தின் நாடாவில் பின்னர் வேறு ஏதோ பதிவு செய்துவிட்டார்கள். மூன்று புதிய முடிவுகள் எழுதிப் பார்த்திருக்கிறார். மூன்றும் பொய்யாகப் பட்டன.

கதை எளிது. பழைய பகை காரணமாக, எதிர்க்கரை ஆட்களை ஏற்றமாட்டேன் என்று சபதம் செய்த ஒரு படகுக்காரன். வெள்ளம் ஏறும் மாலை. எதிர்க்கரையில் ஒரு பெண் மூன்று முறை கூப்பிடுகிறாள். அவன் பேசாமல் இருக்கிறான். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறான்.

நாடாவைப் போட்டேன். இருபத்தாறு நிமிடம் சமையல்காரர் மூச்சுவிடவில்லை. பெண் கூப்பிட்டாள்: ஒன்று, இரண்டு, மூன்று. நிசப்தம். நாடக ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது நாடாவிலிருந்து என் குரல் முழங்கியது: “பதினைந்து, பன்னிரண்டு, தொண்ணூற்றொன்று! நேரம் ஏழு ஐம்பத்தேழு! ஒலி வலிமை நான்கு!”

அதன் மேலேயே என் மனைவியின் குரல்: “ஏங்க, மெதுவா! தமிழ்ல இப்படியா கத்துறது? தெருவுல ஆளுங்க போறாங்க!”

ரேடியோவின் முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்துத்தான் பதிவு செய்வேன். கேட்டதற்குச் சான்றாக, முடிவதற்கு முன் தேதியையும் நேரத்தையும் உரக்கச் சொல்வது என் போன்றவர்களின் வழக்கம். மொழி தெரியாததால், நிசப்தம் வந்தால் அதுதான் வசதியான இடைவெளி என்று நினைத்தேன். ஒரு நாடகம் முழுவதும் காத்திருந்த இடத்தில் போய் நின்று கத்தியிருக்கிறேன்!

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரோ, குறுக்கே வந்த என் மனைவி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சமையல்காரர் சொன்னார். “கலவர நாட்களில் எங்கள் தெருவிலும் இதே வாக்கியத்தை, இதே மொழியில், பக்கத்து வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன்” என்றார் நாடக ஆசிரியர். பிறகு, “இன்னொரு தடவை போடுங்கள்.”

பதினான்கு தடவை போட்டோம். ஒலியைக் கூட்டினோம், குறைத்தோம், சமையல்காரர் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக்கொண்டார். “மாத்தயா, நீங்க இன்னாமோ சொல்றீங்க, ஆனா இந்த மனுசன் விடமாட்டேங்கறாரு!” என்று சிங்கள மரியாதையோடு அவரிடம் சொல்லிவிட்டு என்னை முறைத்தார். வாக்கியம் என் தேதிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

ஒன்பதாவது தடவையில்தான் அது நடந்தது. என் குரலும் மனைவியின் குரலும் ஓய்ந்த பிறகு, முடிவிசைக்கு முன்னால், மிக மெல்லியதாக ஒரு சத்தம். சளக். சற்று விட்டு மறுபடி, சளக்.

அவர் துள்ளிவிட்டார். “துடுப்பு! வாளித் தண்ணீரில் நானே கையால் அடித்தேன். என் சட்டைக் கை நனைந்தது!” கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மருந்து ஊற்றிய கண்ணோடு எங்கள் இருவரையும் பார்த்தார். “அவன் போகிறான். நான் எழுதிய மூன்று முடிவிலும் அவன் கரையிலேயே நிற்கிறான். போகிறான்!” சமையல்காரர் கைதட்டினார். மிச்சத் தடவைகளை அந்தச் சத்தத்துக்காகவே கேட்டோம்.

2003 மார்ச்சில் புத்தகம் தபாலில் வந்தது. சமையல்காரர் கடைசிப் பக்கத்தை எனக்குப் படித்துச் சொன்னார். பெண் மூன்றாம் முறை கூப்பிடுகிறாள். அதற்குப் பிறகு வசனம் இல்லை. ‘தண்ணீரில் துடுப்பின் ஓசை, இரண்டு முறை’ என்று மட்டும் இருக்கிறது.

அந்த மாலை ஏழு ஐம்பத்தேழுக்குப் படகுக்காரன் சொன்னது என்ன என்பதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். “இரு, வர்றேன்” என்று சமையல்காரர் சத்தியம் செய்கிறார். ஆசிரியர், “இருக்கலாம்” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதே ஒலிபரப்பை வேறு யாராவது பதிவு செய்தார்களா என்று எனக்குத் தெரிந்த நேயர்களிடமெல்லாம் எழுதிக் கேட்டேன், யாரிடமும் இல்லை. ஆகவே அந்த வாக்கியம் உறுதி செய்யப்படவில்லை.