அம்மா உட்காராத பெஞ்சு

பக்கத்து வீட்டில் ரெனவேஷன். காலையிலிருந்து மரம் இழைக்கும் மெஷின் கத்துகிறது. தூசு கதவிடுக்கு வழியாக எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. புது மரம் வெறும் மரமாகத்தான் மணக்கும். பழைய மரத்தைத் தேய்த்துப் பாருங்கள், அது இருந்த வீடே எழுந்து வந்துவிடும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். இடித்த வீடுகளின் உத்தரம், கதவு, சன்னல் எல்லாம் லோரியில் வந்து இறங்கும். அவற்றைச் செதுக்கி, அலை மாதிரியும் இலை மாதிரியும் பெஞ்சு, மேசை என்று செய்வோம். பெட்டாலிங் ஜெயாவில் ஏர்கோன் ஆபீஸை விட்டுவிட்டு நான் அங்கே சேர்ந்ததை அம்மாவால் ஜீரணிக்கவே முடியவில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், "இன்டீரியர் டிசைன்ல இருக்கான்" என்று பேச்சை மாற்றிவிடுவார். வீட்டில், "ஒடஞ்ச பலகை பொறுக்கவா உன்னப் படிக்க வச்சேன்?" என்பார். ஒரு தடவையாவது என் கைவேலையை நன்றாக இருக்கிறது என்று அம்மா சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த ஒரு வீம்பு.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவாட்டர்ஸை இடித்தபோது முதல் ஆளாக லோரியில் ஏறினேன். எங்கள் வீட்டு வாசற்படிக் கட்டையையும் பக்கத்து வீடுகளின் கட்டைகளையும் கேட்டு வாங்கிவந்தேன். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறி மேல்பக்கம் தடித்துப்போயிருந்தது. மெஷினை வைத்ததும் பட்டறை முழுக்க வெள்ளிக்கிழமை வாசம். கூட வேலை செய்த சீனப் பையன் தும்மிக்கொண்டே, "என்ன ப்ரோ, கறி சமைக்கிறியா?" என்று மலாயில் கேட்டான். நானும் சிரித்துக்கொண்டே வழவழவென்று தேய்த்துத் தள்ளினேன்.

அந்தக் கட்டைகளைச் சேர்த்துச் செய்த பெஞ்சு அப்படி ஓர் அழகு. நானே கண் வைத்துவிடுவேன் போலிருந்தது. எங்கள் பட்டறை நடத்திய கண்காட்சி அன்று அம்மாவைப் பட்டுச்சேலையில் கூட்டிப்போனேன். அவருக்கு முழங்கால் வலி. முதலில் அம்மாதான் உட்கார வேண்டும் என்றார் பாஸ். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

"மா, நம்ம வீட்டு வாசப்படி. உக்காரு லா."

அம்மா என்னைப் பார்த்தார். சின்ன வயதில் அந்தக் கட்டையில் உட்கார்ந்து எத்தனை குட்டு வாங்கியிருப்பேன்! இந்த மரமண்டைக்கு அது அப்போதுதான் உறைத்தது. காலால் மிதிக்கவே விடாதவரை அதன்மேல் உட்காரச் சொல்கிறேன்.

"நான் நிக்கிறேன்யா."

"வெட்கப்படாதீங்க ஆன்டி," என்றார் பாஸ்.

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்து, பெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்வரை அம்மா வாசலில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மாவின் விரல் மட்டும் மரத்தில் எதையோ தேடியது.

"மஞ்ச எங்கடா?"

"தேச்சு சுத்தம் பண்ணிட்டேன்மா."

"அழுக்குன்னு நெனச்சியா."

குரலில் கோபமே இல்லை. எனக்குக் கூசிப்போயிற்று. திரும்பும்போது காரில், "வேல நல்லாத்தான்டா இருக்கு," என்றார். நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. காதில் விழாத மாதிரி ஓட்டினேன்.

அந்த பெஞ்சு இப்போது அம்பாங்கில் யார் வீட்டிலோ இருக்கிறது. இப்போதிருக்கும் எங்கள் அடுக்குமாடிக் கொண்டோ வாசலில் படியே கிடையாது, உள்ளேயும் வெளியேயும் ஒரே டைல்ஸ். வெள்ளிக்கிழமைகளில் அம்மா மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து குனிவார். எங்கே பூசுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருப்பார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொள்வேன்.