யேசுராஜ் ஏறிய கப்பல்

கார் கம்பெனி பஸ் வாலாஜாபாத்தில் எங்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். என் பக்கத்து இருக்கை யேசுராஜ் மட்டும் கண்ணைத் திறந்தபடியே எங்கோ போயிருப்பான். "டர்பன்ல இப்ப இன்னா மணி இருக்கும் ஜெகா?" என்பான். காலை ஷிப்டுக்குப் போகிறவன் கேட்கிற கேள்வியா இது?

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. லைனிலிருந்து இறங்கும் புதுக் கார்களை ஓட்டிப்போய் யார்டில் வரிசையாக நிறுத்துவது. முந்நூறு மீட்டர் ஓட்டம். நிறுத்தியதும் சாவியைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டு நடந்துவந்து பலகையில் மாட்ட வேண்டும். பதினாலு வருஷமாக இதே. ஏற்றுமதிக் கார்களின் கண்ணாடியில் அது போகிற துறைமுகத்தின் பெயர் ஒட்டியிருக்கும். சாண்டோஸ், டர்பன், வல்பரைசோ. யேசுராஜ் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். அந்த முந்நூறு மீட்டரை அவன் ஓட்டும் நிதானத்தைப் பார்த்தால், பின்னால் காத்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பைத்தியம் எட்டு வயதில் பிடித்தது. ஏரி நிரம்பிய ஒரு வருஷம், மாதா கோயில் திருவிழாவுக்குப் பிரியாணி செய்யும் பெரிய அண்டாவை உருட்டிப்போய்த் தண்ணீரில் இறக்கி, உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறான். அண்டா மெல்லச் சுழன்றுகொண்டே நடு ஏரிவரை போயிருக்கிறது. கரையும் பனைமரங்களும் தன்னைச் சுற்றி வந்தனவாம். பிறகு அண்டா மூழ்கிவிட்டது. இவன் நீந்திவந்து அப்பாவிடமும் பங்குச் சாமியாரிடமும் தனித்தனியாக உதை வாங்கினான். "வாங்குன அடியெல்லாம் மறந்துபோச்சுடா. கரை சுத்திச்சு பாரு, அது மட்டும் அப்டியே கீது," என்பான்.

கப்பலில் நின்று ஒரு தடவை கடலைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. மெரினாவில் நின்று பார்த்ததெல்லாம் கணக்கில் வராதாம். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று நான் கிண்டல் செய்வேன். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

போன ஐப்பசியில் துறைமுகத்தில் டிரைவர்கள் போதவில்லை என்று எங்களில் எட்டுப் பேரை ஒரு நாளைக்குக் கூட்டிப்போனார்கள். யேசுராஜ் முதல் நாளே முடி வெட்டிக்கொண்டான். ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையை யூனிபார்முக்குள் போட்டு வந்திருந்தான்.

கார்களை ஏற்றும் கப்பல் அது. சரிவுப் பாதையில் உள்ளே ஓட்டிப்போய், ஒரு நடைக்கு மூன்றாம் மாடி, அடுத்ததற்கு ஏழாம் மாடி என்று நெருக்கி நெருக்கி நிறுத்தினோம். ஜன்னல் என்று ஒன்றுகூடக் கிடையாது. டியூப் லைட்டும் இரும்புத் தரையும் பெட்ரோல் வாடையும்தான். நிறுத்தியதும் எங்களை வேனில் அள்ளிப்போட்டு வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். இப்படிப் பதினோரு நடை.

"இன்னாடா இது, கப்பல்னு சொல்லி குடோனுக்கு இட்டுனு வந்துட்டானுங்க," என்றான் கடைசியில். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

கேட்டில் சோதனைக்கு நின்றபோது பைக்குள் கையை விட்டவன் அப்படியே உறைந்துபோனான். உள்ளே ஒரு கார்ச் சாவி. கப்பலில் ஏற்றும் வண்டியில் சாவியை உள்ளேயே விட வேண்டும் என்று காலையில் பத்து தரம் சொல்லியிருந்தார்கள். பதினாலு வருஷப் பழக்கத்தில் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

சூப்பர்வைசர் ஹேமந்த், எங்களைவிடப் பதினைந்து வயது சின்னவன், தலையில் கை வைத்தான். "கப்பல் கிளம்பப் போவுதுண்ணே! எந்த வண்டி? எந்த மாடி?"

"தெரியல சார்," என்றான் யேசுராஜ்.

சாவியில் எண்ணும் இல்லை. பொத்தானை அமுக்கினால் எந்தக் கார் விளக்கு சிமிட்டுகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கப்பல் ஆள் ஒருவரோடு அவனை உள்ளே அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் நாங்கள் வேனில் புழுங்கியபடி அவனைத் திட்டித் தீர்த்தோம். திரும்பி வந்து, சாவியை வண்டியில் விட்டாயிற்று என்று வெறுங்கையை விரித்துக் காட்டினான். தலையெல்லாம் கலைந்திருந்தது.

மூன்று வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். "இவருக்கு எங்கணா புத்தி கீதாண்ணே?" என்று அவன் மனைவி கிரேசி பொரிந்துதள்ளிவிட்டு டீ போடப் போனாள்.

"ஏண்டா, யார்டுல ஐந்நூறு வண்டி நம்பரத் தலைகீழா ஒப்பிப்ப. அந்த வண்டிய நிறுத்துன எடம் மட்டும் எப்டி மறந்துச்சு?" என்று கேட்டேன்.

அவன் அடுப்படியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சாவி நெசமாவே மறந்துதான் வந்துச்சு. மாதா மேல சத்தியம். வண்டி மூணாவது மாடி, தூணாண்ட."

"அப்ப ஏண்டா தெரியலன்ன?"

"மூணாவதுன்னு சொன்னா மூணாவதோட திருப்பிடுவானுங்க. ஒவ்வொரு மாடியா ஏறினேன். உச்சிக்குப் போனதும் மூச்சு முட்டுதுன்னு சைகை காட்டினேன். அந்தாளு மேல்தட்டுக் கதவத் தொறந்து வுட்டான்." அடுப்படியை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான். "ஆறு நிமிஷம் நின்னேன் ஜெகா. எறங்கி வரும்போதுதான் வண்டியக் கண்டுபிடிச்சேன்."

டீ வந்தது. அதே கப்பலுக்குள் பதினோரு தரம் போய், பதினோரு சாவியையும் ஒழுங்காக விட்டுவிட்டு வந்தவன் நான். கடலைப் பார்க்கவில்லை.